கணுக்காலும் கௌரவமும்: வாலிபாலா, டென்னிஸா?

கோவையிலிருந்து ஒரு வாசகர் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். வயது 44. தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவு. காலை ஒன்பதரையிலிருந்து மாலை ஆறரை வரை நாற்காலிதான். எடை 82 கிலோ. சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு கிராமம். பள்ளி, கல்லூரி நாட்களில் வாலிபால் ஆடி, மாவட்ட அணி வரை போன ஸ்மாஷர். கோயில் கொடையோ ஆலயத் திருவிழாவோ, டியூப் லைட் கட்டி ராத்திரி டோர்னமென்ட் எங்கே நடந்தாலும் அங்கே இருந்தவர். வேலை கிடைத்த பிறகு ஆட்டம் நின்றுபோனது. ஆறு வருடம் முன்பு அலுவலக விளையாட்டு விழாவில் ஒரே ஒரு நாள் ஆடி, வலது கணுக்கால் பிசகிவிட்டது. அதே கால் கல்லூரியிலும் ஒரு தடவை பிசகியிருக்கிறது. இரண்டு முறையும் ‘சுளுக்கு எடுத்து’ சரியாகிவிட்டது என்கிறார்.

சமீபத்திய பரிசோதனையில் மூன்று மாதச் சர்க்கரை சராசரி (HbA1c) 6.1. மருத்துவர் மாத்திரை தரவில்லை. “ஏதாவது விளையாடுங்க சார்” என்று அனுப்பிவிட்டார். இவர் முன்னால் இப்போது இரண்டு வழி. குடியிருக்கும் அடுக்குமாடி வளாகத்தில் டென்னிஸ் கோர்ட் இருக்கிறது. வாரம் மூன்று நாள் காலை ஆறு மணிக்குக் கோச் வருகிறார், மாதம் 4,000 ரூபாய். 12 வயது மகள் அங்கேதான் கற்றுக்கொள்கிறாள். இரண்டு தெரு தள்ளி ஒரு பள்ளி மைதானத்தில் இரவு ஏழரைக்கு வாலிபால். 25 முதல் 50 வயது வரை பதினைந்து பேர் கூடுகிறார்கள், விளக்குக்கு மாதம் ஆளுக்கு 200 ரூபாய். மனைவிக்கு டென்னிஸ் பிடித்திருக்கிறது. ‘டென்னிஸ் ஆடினால் பத்து வருடம் ஆயுள் கூடும்’ என்ற வாட்ஸ்அப் செய்தியை இவருக்கு மூன்று முறை அனுப்பிவிட்டாராம். கோச்சுக்கு 2,000 ரூபாய் முன்பணமும் கொடுத்தாயிற்று. “ஆனால் மனசு மைதானத்துப் பக்கமே போகிறது. எது உடம்புக்கு நல்லது என்று நீங்கள் சொன்னால் அதையே செய்கிறேன்” என்று முடித்திருக்கிறார்.

நண்பரே, உங்கள் கேள்விக்கு நேரான பதில் என்னிடம் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கும் இரண்டு வரிகளைப் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது.

மூன்றாவது மாடி

“மூன்றாவது மாடிக்கு ஏறினால் மூச்சு வாங்குகிறது, எடைதான் காரணம் என்று எனக்கே தெரியும்” என்கிறீர்கள். அடுத்த பக்கத்தில், அப்பாவுக்கு 52 வயதில் முதல் மாரடைப்பு வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். இந்த இரண்டும் வேறு வேறு பக்கத்தில் இருப்பதுதான் எனக்குக் கவலை. அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55 வயதுக்குள் மாரடைப்பு வந்திருந்தால் அதைத் தனியாகக் குறித்துக்கொள்வது மருத்துவர்களான எங்கள் வழக்கம். கூடவே சர்க்கரை எல்லைக் கோட்டில் நிற்கிறது. 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. நீங்கள் சரியாக நடுவில் இருக்கிறீர்கள்.

மூச்சு வாங்குவதற்கு எடையே காரணமாக இருக்கலாம். பழக்கமில்லாத உடம்பும் காரணமாக இருக்கலாம். ஆனால் அதை நீங்களே தீர்மானிக்க வேண்டாம். ஒரு பொது மருத்துவரிடமோ இதய மருத்துவரிடமோ போய், இந்த மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள்: படியேறினால் மூச்சு வாங்குகிறது, சர்க்கரை 6.1, அப்பாவுக்கு 52ல் அட்டாக். ரத்த அழுத்தம், கொழுப்பு, ஈசிஜி பார்ப்பார். டிரெட்மில் டெஸ்ட் வேண்டுமா, எக்கோ வேண்டுமா என்பதை அவரே முடிவு செய்வார். அந்த டெஸ்ட் நார்மல் என்று வந்தாலும் அதை ஆயுள் பாலிசி மாதிரி நினைத்துவிடக் கூடாது. ஆடும்போது நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, காரணமில்லாத குப்பென்ற வியர்வை, தலைச்சுற்றல் இதில் எது வந்தாலும் ஆட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். நம் ஊரில் அந்த நேரத்தில் ‘கேஸ்’ என்று சொல்லி சோடா குடிப்பார்கள். அந்த சோடாவால் போன நேரத்தை நான் பயிற்சிக் காலத்தில் அவசரப் பிரிவில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இந்தப் பரிசோதனை முடியும்வரை தட்டையான தரையில், பேசிக்கொண்டே போகிற வேகத்தில் நடங்கள். பந்து இரண்டு வாரம் காத்திருக்கும்.

அந்தப் பத்து வருடக் கணக்கு

உங்கள் மனைவி அனுப்பிய செய்தி பொய்யில்லை. கோபன்ஹேகன் நகர இதய ஆய்வு என்று டென்மார்க்கில் நெடுநாளாக நடக்கும் ஓர் ஆய்வு. சுமார் 8,500 பேரை 25 வருடம் வரை தொடர்ந்து கவனித்து 2018ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். உட்கார்ந்தே இருப்பவர்களோடு ஒப்பிட்டால் டென்னிஸ் ஆடியவர்களுக்கு 9.7 வருடம் கூடுதல் ஆயுள் என்று வந்தது. பேட்மின்டனுக்கு 6.2, கால்பந்துக்கு 4.7, மெதுவோட்டத்துக்கு 3.2. ஜிம்முக்கு வெறும் 1.5.

செய்தியை அனுப்பியவர்கள் விட்டுவிட்டது என்னவென்றால், அந்தப் பட்டியலில் வாலிபாலே இல்லை. ஆகவே ‘டென்னிஸ் வாலிபாலைவிட ஆயுளைக் கூட்டும்’ என்று அதை வைத்து யாரும் சொல்ல முடியாது. இன்னொன்று, அது மக்களைக் கவனித்து எழுதிய ஆய்வு. ஆளுக்கு ஒரு ஆட்டத்தைக் கொடுத்து ஆடச் சொல்லிப் பார்த்தது கிடையாது. கோபன்ஹேகனில் டென்னிஸ் ஆடுகிறவர் பெரும்பாலும் எப்படிப்பட்டவர்? வருமானம், படிப்பு, சாப்பாடு, ஓய்வு நேரம் எல்லாம் கொஞ்சம் தாராளமாக இருப்பவர். அதையெல்லாம் கழித்துப் பார்க்க ஆய்வாளர்கள் முயன்றார்கள். முழுதாகக் கழிக்க முடியாது என்பது அவர்களுக்கும் தெரியும். இந்த விளையாட்டுதான் ஆயுளைக் கூட்டியது என்று அடித்துச் சொல்ல முடியாது என அவர்களே எழுதியிருக்கிறார்கள்.

அதில் எனக்குப் பிடித்த ஊகம் ஒன்று உண்டு. பட்டியலின் மேலே இருக்கும் மூன்றுமே இன்னொருவரோடு சேர்ந்து ஆடுகிற ஆட்டங்கள். தனியாகச் செய்வதெல்லாம் கீழே இருக்கிறது. ஒருவேளை கூட்டாளிகள்தான் மருந்தோ என்று ஆய்வாளர்கள் யோசித்தார்கள். அப்படியே வைத்துக்கொண்டாலும், பதினைந்து பேர் கூடும் உங்கள் பள்ளி மைதானத்தில் அந்த மருந்துக்குப் பஞ்சமில்லை. இந்தப் பகுதியை வீட்டில் வாசித்துக் காட்டுங்கள். தகராறு வந்தால் என் பேரைச் சொல்லிக்கொள்ளலாம்.

எது அதிகம் உழைக்க வைக்கும்?

இங்கே வாலிபால் கொஞ்சம் அடிவாங்கும், சொல்லிவிடுகிறேன். “இரண்டு மணி நேரம் ஆடினால் போதுமே, வேறு உடற்பயிற்சி எதற்கு?” என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது.

ஒவ்வொரு உடலியக்கத்துக்கும் எவ்வளவு சக்தி செலவாகிறது என்று ஓர் அட்டவணை இருக்கிறது. சும்மா உட்கார்ந்திருப்பது ஒரு மடங்கு. ஆறேழு பேர் ஒரு பக்கமாக நின்று பொழுதுபோக்காக ஆடும் வாலிபால் அதில் 3 மடங்குதான். வேக நடையைவிடக் குறைவு. போட்டியாக ஆடும் வாலிபால் 6. டென்னிஸ் டபுள்ஸ் நாலரையிலிருந்து 6, சிங்கிள்ஸ் 8. உங்கள் 82 கிலோவுக்குக் கணக்குப் போட்டால், பொழுதுபோக்கு வாலிபால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 246 கலோரி, டென்னிஸ் சிங்கிள்ஸ் 656. கணக்குப் பிரிவில் இருக்கிறீர்கள், இந்த வித்தியாசம் என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆட்டம் முடிந்து அவர்கள் எல்லோருமாகப் பரோட்டாக் கடைக்குப் போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டு பரோட்டாவும் சால்னாவும் அந்த 246ஐ அன்றே நேர்செய்துவிட்டு மீதியும் வைக்கும்.

ஆனால் அந்த 656 உங்களுக்கு உடனே கிடைக்காது. 44 வயதில் டென்னிஸ் மட்டையை முதன்முதலாகப் பிடிப்பவர் முதல் சில மாதம் ஆடுவதைவிடப் பந்து பொறுக்குவதுதான் அதிகம். பந்து நான்கு தடவை தொடர்ந்து வலையைத் தாண்டி வந்து போனாலே கைதட்டுவார்கள். கோச் கூடையிலிருந்து போடும் பந்தை நின்ற இடத்தில் அடித்துக்கொண்டிருப்பீர்கள். அட்டவணையில் இருக்கும் எண் ஆடத் தெரிந்தவர்களுடையது. வாலிபாலில் நீங்கள் முதல் நாளே ஆடுவீர்கள். கை அதை மறக்காது.

உலக சுகாதார நிறுவனம் கேட்பது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அதோடு இரண்டு நாள் தசைக்கு வேலை. எந்த ஆட்டத்தைத் தேர்ந்தாலும் உங்களுக்கு நடையும் வேண்டும். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பதினைந்து நிமிடம் நடந்தால் ஏறும் சர்க்கரை கொஞ்சம் அடங்கும். இதற்கு ஃபீஸும் இல்லை, மட்டையும் வேண்டாம்.

கணுக்கால், முழங்கால், முழங்கை

இது என் தொழில், கொஞ்சம் அதிகமாகப் பேசுவேன்.

வாலிபாலில் அதிகம் அடிபடுவது கணுக்கால். ஓடும்போது பிசகுவது குறைவு. வலைக்குப் பக்கத்தில் எகிறி இறங்கும்போது அடுத்தவர் பாதத்தின் மேல் இறங்குவதால்தான் பெரும்பாலும் நடக்கிறது. எதிரணி ஸ்மாஷர் வேகத்தில் உள்ளே வந்துவிடுவார், நீங்கள் பிளாக் போட்டு அவர் பாதத்தின் மேல் இறங்குவீர்கள். கால் உள்பக்கமாக மடங்கும், வெளிப்பக்கத் தசைநார் கிழியும். கல்லூரியில் உங்களுக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்கும். ஒரு தடவை பிசகிய கால் மறுபடி பிசகும் வாய்ப்பு அதிகம். நீங்கள் ‘சுளுக்கு எடுத்து சரியானது’ என்பது முழுக்கச் சரியில்லை. வீக்கம் வடிந்திருக்கும், வலி போயிருக்கும். ஆனால் கால் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்புகளின் பழக்கம் தானாகத் திரும்புவதில்லை. சோதித்துப் பாருங்கள். சுவருக்குப் பக்கத்தில் வலது காலில் மட்டும் நின்று கண்ணை மூடுங்கள். பிறகு இடது காலில். இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்தால் அந்தக் கால் இன்னும் ஆறு வருடத்துக்கு முந்தைய நாளிலேயே நிற்கிறது என்று அர்த்தம்.

இதற்கு மருந்து சுலபம், ஆனால் அலுப்பானது. தினமும் பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நில்லுங்கள். முதலில் கண் திறந்து, அப்புறம் தலையணை மேல், அப்புறம் கண்ணை மூடி. மைதானத்தில் முதல் ஒரு வருடமாவது கயிறு கட்டும் வகைக் கணுக்கால் பிரேஸ் போட்டு ஆடுங்கள். ஏற்கனவே பிசகியவர்களுக்கு மறுபடி பிசகுவதை அது குறைக்கிறது. கிரேப் பேண்டேஜ் அந்த வேலையைச் செய்யாது, சற்று நேரத்தில் தளர்ந்துவிடும். மறுபடி பிசகினால் முதல் இரண்டு மூன்று நாள் எண்ணெய் போட்டு உருவி விடாதீர்கள். உள்ளே கசிவது கூடும். நாலு அடி ஊன்றி நடக்க முடியவில்லை என்றாலோ, கணுக்கால் எலும்பை அழுத்தினால் வலித்தாலோ எக்ஸ்ரே எடுத்துவிட்டுத்தான் அடுத்த பேச்சு.

முழங்காலைப் பற்றி உங்கள் பயம் வேறு மாதிரி. “ஆடினால் மூட்டு தேய்ந்துவிடும் என்கிறார்கள்” என்று எழுதியிருக்கிறீர்கள். மூட்டு டயர் மாதிரி ஓடிய கிலோமீட்டருக்குத் தேய்வதில்லை. பொழுதுபோக்குக்கு ஓடுகிறவர்களுக்கு மூட்டுத் தேய்மானம் உட்கார்ந்திருப்பவர்களைவிடக் குறைவாகவே காணப்படுகிறது. உங்கள் மூட்டுக்குப் பெரிய சுமை உங்கள் எடை. ஒரு கிலோ குறைத்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்கால் தாங்கும் சுமை சுமார் நாலு கிலோ குறைகிறது என்று அளந்திருக்கிறார்கள். ஆனால் எகிறிக் குதிப்பது தனி விஷயம். முட்டிச் சில்லுக்குக் கீழே இருக்கும் தசைநாண் பழக்கமில்லாமல் எகிறினால் இரண்டே வாரத்தில் முனகத் தொடங்கும். வாலிபால்காரர்களுக்கு இது இவ்வளவு சகஜமாக வருவதால் ‘குதிப்பவர் முட்டி’ என்றே இதற்குப் பெயர்.

டென்னிஸுக்கு வருவோம். “டென்னிஸ் ஆடினால் முழங்கை போய்விடும் என்று நண்பன் பயமுறுத்துகிறான்” என்கிறீர்கள். டென்னிஸ் எல்போ என்ற பெயரால் அந்த ஆட்டத்துக்குக் கெட்ட பேர். என்னிடம் அந்த வலியோடு வருகிறவர்களில் பெரும்பாலோர் டென்னிஸ் கோர்ட்டையே மிதிக்காதவர்கள்: தச்சர், சமையல் வேலை பார்க்கிற அம்மா, நாளெல்லாம் மவுஸ் பிடிக்கிற பையன். சச்சின் டெண்டுல்கருக்கே வந்து 2005ல் அறுவை சிகிச்சை வரை போனது, அவர் பிடித்தது கிரிக்கெட் மட்டை. ஆனால் நடு வயதில் புதிதாக டென்னிஸ் கற்பவர், ஒற்றைக் கையால் பேக்ஹேண்ட் அடிப்பவர், மணிக்கட்டால் அடிப்பவர் ஆகியோருக்கு அபாயம் உண்டு. கற்பதென்றால் இரண்டு கைப் பேக்ஹேண்டையே கற்றுக்கொள்ளுங்கள். வலி வந்தால் ஸ்டீராய்டு ஊசிக்கு அவசரப்படாதீர்கள். சில வாரம் சுகமாக இருக்கும், ஒரு வருடக் கணக்கில் பார்த்தால் போடாதவர்களே மேலாக இருக்கிறார்கள்.

டென்னிஸில் நான் அதைவிட அதிகம் பயப்படுவது கெண்டைக்கால் சதையைத்தான். என் சொந்தக் கதை இது. 46 வயதில் ஒரு ஞாயிறு காலை, வார்ம் அப் எல்லாம் நோயாளிகளுக்குத்தான் என்ற நினைப்பில், காரிலிருந்து இறங்கி நேரே கோர்ட்டுக்குப் போனேன். மூன்றாவது கேமில் வலைக்கு முன்னால் விழுந்த பந்துக்குப் பாய்ந்தபோது பின்னாலிருந்து யாரோ காலில் கல்லால் அடித்த மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தேன், யாரும் இல்லை. இதற்கும் ‘டென்னிஸ் லெக்’ என்றே பெயர். இந்த வலியைச் சொல்ல வருகிற எல்லோரும் அதே கல்லைத்தான் சொல்வார்கள். ஆறு வாரம் நொண்டினேன். கிளினிக்கில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

பணம், நேரம், ‘நல்ல பழக்கம்’

சுருக்கமாகச் சொல்கிறேன். நீங்கள் எழுதிய கணக்கின்படி டென்னிஸுக்கு வருடத்துக்கு 48,000 ரூபாய், மட்டை, ஷூ தனி. வாலிபாலுக்கு 2,400. காலை ஆறு மணி உங்களுக்கு ஒத்துவருமா என்பதை நீங்களே அறிவீர்கள். ஜிம்மில் சேர்ந்து மூன்று வாரத்தில் நின்றதையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இரவு ஆட்டத்துக்கும் ஒரு குறை உண்டு. ஒன்பதரைக்கு வீடு வந்து, குளித்து, சாப்பிட்டுப் படுக்க நேரமாகும், தூக்கம் கெடும். ஒன்பது மணிக்குக் கிளம்பிவிடுவது என்று முதல் நாளே சொல்லிவைத்துவிடுங்கள்.

டென்னிஸ் ‘நல்ல மனிதர்களோடு பழக்கம்’ தரும் என்று வீட்டில் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். அர்ஜுனா விருது 1961ல் தொடங்கியபோது, முதல் பட்டியலிலேயே டென்னிஸுக்கு ராமநாதன் கிருஷ்ணன், வாலிபாலுக்கு ஏ. பழனிசாமி. அரசாங்கம் இரண்டையும் ஒரே வரிசையில்தான் உட்கார வைத்தது. தனி வரிசை போட்டது நம் அபார்ட்மென்ட்டுகள்.

நீங்கள் அடித்துவிட்டு மறுபடி எழுதிய வரி

மூன்றாவது பக்கத்தில் ஒரு வரியைப் பேனாவால் அடித்து, கீழே திரும்பவும் எழுதியிருக்கிறீர்கள்: “டென்னிஸில் நான் யாரென்று யாருக்கும் தெரியாது. வாலிபாலில் தெரியும்.” மைதானத்துப் பையன் ஒருவன் “நீங்க பெரிய ஸ்மாஷராமே அண்ணா” என்று கேட்டதையும் எழுதியிருக்கிறீர்கள். அன்றிலிருந்து அந்தப் பக்கம் போகவில்லை என்றும்.

உங்கள் கடிதம் முழுக்க உடம்பைப் பற்றித்தான் கேட்கிறது. எனக்கென்னவோ நீங்கள் டென்னிஸை யோசிப்பதற்குக் காரணம் முழங்காலோ சர்க்கரையோ இல்லை என்று படுகிறது. டென்னிஸில் தப்பாக அடித்தால் ‘இப்போதுதான் கற்கிறார்’ என்பார்கள். வாலிபாலில் பந்து வலையில் விழுந்தால், ‘இவரா ஸ்மாஷர்?’ என்று ஒரு பையன் நினைத்துவிடுவான். வெட்கம்தான். இது ஒன்றும் சின்ன விஷயமில்லை; பழைய விளையாட்டு வீரர்கள் நிறையப் பேர் இந்த வெட்கத்தாலேயே மைதானத்தை விட்டுப் போய், ஐம்பது வயதில் என்னிடம் வந்து சேர்கிறார்கள். அதைவிட ஆபத்தானது வெட்கத்தை மறைக்கப் பார்ப்பது. முதல் நாளே அந்தப் பையனுக்குக் காட்டுவதற்காக ஒரு ஸ்மாஷ் அடிக்க எகிறுவீர்கள். மனசுக்கு 20 வயது, தசைநாணுக்கு 44, எடையோ அன்றைக்கு இருந்ததைவிட 17 கிலோ அதிகம். குதிகாலுக்கு மேலே இருக்கும் அக்கிலிஸ் நாண் அறுந்து வருகிற ஆண்களில் பெரும்பாலோர் உங்கள் வயதுக்காரர்கள், எப்போதாவது ஆடுகிறவர்கள்.

உங்களுக்கு ஒரு பழைய கதை. வாலிபாலை 1895ல் அமெரிக்காவில் ஹோலியோக் என்ற ஊரின் ஒய்.எம்.சி.ஏ.வில் வில்லியம் மார்கன் என்ற உடற்பயிற்சி ஆசிரியர் உருவாக்கினார். அப்போது கூடைப்பந்து வந்து நாலு வருடம்தான் ஆகியிருந்தது. இளைஞர்களுக்கு அது சரி, ஆனால் மாலையில் வருகிற நடுவயது வியாபாரிகளுக்கு அந்த ஓட்டமும் மோதலும் ஒத்துவரவில்லை. அவர்களுக்காக, ஒருவரை ஒருவர் இடிக்காமல் நடுவில் ஒரு வலையைக் கட்டி, தொப்பை வைத்தவர்களும் ஆடட்டும் என்று செய்த ஆட்டம் இது. அன்றைய வலையின் உயரம் ஆறரை அடிதான். இன்று ஆண்களுக்கு 2.43 மீட்டர், கிட்டத்தட்ட எட்டு அடி. எகிறி அடிப்பதெல்லாம் பிறகு வந்து சேர்ந்தது. ஆக, வேலை முடிந்து வரும் 44 வயதுக் கணக்கர்தான் இந்த ஆட்டத்தின் முதல் வாடிக்கையாளர்.

என் பதில்

வாலிபால் ஆடுங்கள். ஆனால் ஸ்மாஷராக இல்லாமல் பின்வரிசையில். காரணம் எளிது: நீங்கள் அடுத்த வருடமும் போகக்கூடிய ஆட்டம் அதுதான். நீங்கள் ஒரு நாள் வராவிட்டால் பதினைந்து பேரில் ஒருவர் போன் செய்வார். ஜிம் உங்களுக்குப் போன் செய்யவில்லை.

இதயப் பரிசோதனை முடிந்த பிறகு இரண்டு வாரம் வேக நடை, ஒற்றைக்கால் நிற்பு, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் பத்துப் பத்தாக எழுந்து உட்காருவது, படியில் நின்று குதிகாலை ஏற்றி இறக்குவது. பிறகு மைதானம். வாரம் இரண்டு நாள் மட்டும், நடுவில் இரண்டு நாள் இடைவெளி விட்டு, முதல் மாதம் இரண்டு செட்டுக்கு மேல் வேண்டாம். போனதும் கேப்டனிடம் நேராகச் சொல்லுங்கள்: “தம்பி, டாக்டர் மூணு மாசம் ஜம்ப் பண்ணக்கூடாதுன்னுட்டார். பேக்ல நிக்கிறேன், ரிசீவ் எடுக்கிறேன்.” டாக்டர் சொன்னார் என்றால் யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள், இந்தத் தொழிலில் எங்களுக்கு இருக்கும் பெரிய பயன்களில் இது ஒன்று. ரொட்டேஷன் வைத்து, அதாவது இடம் சுற்றி மாறி ஆடினால், முன்வரிசைக்கு வரும்போது தரையில் நின்றபடியே பந்தைத் தூக்கிக் கொடுங்கள். பத்து வருடம் ஸ்மாஷ் அடித்தவருக்குத் தெரிந்த மாதிரி, ஸ்மாஷருக்குப் பந்து எங்கே வேண்டும் என்று வேறு யாருக்குத் தெரியும்? இதற்கென்றே ஓர் இடமும் ஆட்டத்தில் இருக்கிறது. 1998ல் சர்வதேச வாலிபால், பின்வரிசையில் மட்டும் நின்று பந்தெடுக்க லிபரோ என்று தனி ஆளையே ஏற்படுத்திவிட்டது. வேறு நிற ஜெர்சி, ஸ்மாஷ் கிடையாது. யாராவது கேட்டால் நீங்கள் லிபரோ.

இன்னொன்றையும் அந்தக் குழுவிடம் நீங்கள் கேட்கலாம், மூத்தவர் என்ற உரிமையில். சர்வதேச விதிப்படி பாதத்தின் ஒரு பகுதி நடுக்கோட்டின் மேல் இருக்கும்வரை மீதி எதிர்ப்பக்கம் போகலாம். உங்கள் மைதானத்தில் அதை மாற்றி, கோட்டைத் தொட்டாலே ஃபவுல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பரிசுக் கோப்பை எதுவும் இல்லாத ஆட்டத்தில் இதனால் யாருக்கும் நஷ்டமில்லை, கணுக்கால்கள் பிழைக்கும். ஓட்டத்துக்கான ஷூவைப் போட்டு ஆடாதீர்கள். குதிகால் உயரமான அந்த மெத்தை பக்கவாட்டில் சாயும். தட்டையான, பக்கங்கள் உறுதியான கோர்ட் ஷூ வாங்குங்கள்.

மூன்று மாதம் கழித்து, ஒற்றைக் காலில் இருபது தடவை குதிகாலைத் தூக்க முடிந்து, அதே காலில் வலியில்லாமல் எகிறி இறங்க முடிந்தால், ஒரு செட்டுக்கு நாலைந்து ஸ்மாஷ் வரை அடித்துப் பாருங்கள். அந்த மூன்று மாதத்தில் சர்க்கரையையும் மறுபடி பார்த்துவிடலாம்.

டென்னிஸை முழுக்க விட்டுவிடச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் மகளோடு கோர்ட்டுக்குப் போங்கள். பச்சைப் புள்ளி போட்ட பந்து என்று ஒன்று இருக்கிறது, சாதாரணப் பந்தைவிடச் சுமார் கால் பங்கு வேகம் குறைவு. பெரியவர்கள் கற்கவும் அதுதான் சௌகரியம். மட்டை இப்போது வாங்க வேண்டாம், யாரிடமாவது இரவல் வாங்குங்கள். கற்றுத் தருவது மகளாக இருக்கட்டும். அறுபது வயதில் டபுள்ஸ் ஆடுகிறவர்கள் நிறைய உண்டு, அப்போது இது கை கொடுக்கும்.

கோச்சுக்குக் கொடுத்த 2,000 ரூபாயைத் திருப்பிக் கேட்கலாமா என்று பின்குறிப்பில் கேட்டிருந்தீர்கள். கேட்க வேண்டாம், மகளுடைய அடுத்த மாதக் கட்டணத்தில் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.